எல்இடி அணையவே மாட்டேன் என்கிறது: 555 சுற்றில் கோளாறு தேடுவது எப்படி

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகும் துளைப் பலகை) 555 என்ற நேரங்காட்டி ஐசியை வைத்து, நொடிக்கு ஒருமுறை எல்இடி மின்னும் சுற்று ஒன்றை அமைத்திருக்கிறீர்கள். 9 வோல்ட் பேட்டரி, 10 கிலோஓம், 68 கிலோஓம் ரெசிஸ்டர்கள், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், எல்இடிக்கு முன்னால் 470 ஓம். பேட்டரியை இணைத்ததும் எல்இடி எரிகிறது; ஆனால் அணைவதே இல்லை. ஐசியை மூன்று முறை மாற்றியும் பயனில்லை. மல்டிமீட்டர் வாங்கி வைத்திருந்தும் அதை எங்கே தொட்டுப் பார்ப்பது என்று தெரியவில்லை. இனிமேல் அமைக்கப்போகும் சுற்றுகள் இப்படி முரண்டு பிடித்தால் எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த மூன்று ஐசிகளைப் பற்றி. 555 என்பது ஹான்ஸ் கமென்சிண்ட் 1971இல் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்து, 1972இல் விற்பனைக்கு வந்த ஐசி. ஐம்பது ஆண்டுகள் கடந்த பிறகும் புதிதாகக் கற்பவர் கையில் அதையே கொடுப்பதற்கு, சின்னச் சின்னத் தவறுகளை அது பொறுத்துக்கொள்ளும் என்பதும் ஒரு காரணம். மூன்று ஐசிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்றால், மூன்றும் நன்றாக இருக்கின்றன, அவற்றைச் சுற்றி நீங்கள் போட்ட இணைப்பில்தான் ஏதோ பிசகு என்று எடுத்துக்கொள்வதே நியாயம். தொடக்கநிலையில் இருப்பவர்களின் சுற்றுகளில் நான் பார்த்த கோளாறுகளில் மிகப் பெரும்பாலானவை தவறான வரிசையில் செருகிய கம்பி, தலைகீழாக வைத்த பாகம், தவறாகப் படித்த மதிப்பு, சக்தி குறைந்த பேட்டரி ஆகிய நான்குக்குள் அடங்கிவிடும். பாகத்தை மாற்றுவதால் இவற்றில் எதுவும் சரியாவதில்லை. மாற்றும்போது இன்னொரு கம்பி நழுவி, ஒரு கோளாறு இரண்டாகிவிடுவதும் உண்டு.

ஆகவே அளந்து பார்க்காமல் எதையும் கழற்ற வேண்டாம். அளப்பதற்கு முன்பு, அந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தச் சிறு வேலையைத்தான் எல்லாரும் தவிர்க்கிறார்கள். எதிர்பார்ப்பு இல்லாமல் மீட்டரில் 4.1 என்று பார்த்தால் அது வெறும் எண், ‘இங்கே 7.5 இருக்க வேண்டும்’ என்று எழுதிவைத்த பிறகு 4.1ஐப் பார்த்தால் அது ஒரு துப்பு. எழுத முடியவில்லை என்றால், சுற்றின் அந்தப் பகுதி உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று பொருள். அப்போது மீட்டரை வைத்துவிட்டுச் சுற்றுப்படத்தை எடுப்பதே சரி.

மீட்டரில் கறுப்பு முனையின் செருகியைக் ‘காம்’ என்று குறித்த துளையிலும், சிவப்பை வோல்ட், ஓம் குறிகள் உள்ள துளையிலும் செருகுங்கள். 10 ஆம்பியர் என்று எழுதிய மூன்றாவது துளையின் பக்கமே இப்போதைக்குப் போக வேண்டாம். சிவப்புச் செருகி அதில் இருக்கும்போது பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால், மீட்டர் ஒரு தடித்த கம்பியைப் போல நடந்துகொண்டு பேட்டரியை ஷார்ட் செய்துவிடும். திருகை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையில் ஒரு முதலைக் கிளிப்பால் கவ்வ வைத்துவிட்டால், ஒரு கை ஓய்வாக இருக்கும். சிவப்பு முனையை மட்டும் இடம் இடமாக நகர்த்தலாம். ஓம் அளவையும், ‘பீப்’ ஒலியால் இணைப்பைச் சொல்லும் அளவையும் பேட்டரியைக் கழற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். (இங்கே ரெசிஸ்டர் என்றே எழுதுகிறேன், மின்தடை என்று எழுதினால் நம்மில் பாதிப் பேர் மின்வாரியத்துக்குத் தொலைபேசி எடுப்பார்கள்.)

முதல் அளவு எப்போதும் மின்வழங்கல்தான், அதுவும் ஐசியின் காலிலேயே. உங்கள் சுற்றில் 8ஆம் காலில் ஏறத்தாழ 9 வோல்ட், 1ஆம் காலில் 0 இருக்க வேண்டும். பேட்டரியில் 9 வோல்ட் இருக்கிறது என்பதால் ஐசிக்கும் அது வந்து சேர்கிறது என்று ஆகிவிடாது. பேட்டரியைத் தனியாகக் கழற்றி அளப்பதிலும் பெரிய பயனில்லை. பழைய 9 வோல்ட் பேட்டரி ஒன்றும் இணைக்காதபோது 8.8 காட்டும், சுற்றை இணைத்த நொடியில் 5க்கு இறங்கிவிடும், ஏனெனில் அதன் உள்தடை வயதாக வயதாகக் கூடிக்கொண்டே போகிறது. எல்லாம் இணைந்து எல்இடி எரிந்துகொண்டிருக்கும்போது காட்டும் அளவே உண்மையான அளவு. சாதாரண 555க்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். 1ஆம் காலில் 0க்குப் பதிலாக 1 அல்லது 2 வோல்ட் தெரிந்தால், எதிர்முனைக் கம்பி எங்கோ சரியாகப் பிடிக்கவில்லை.

‘ஐசியின் காலிலேயே’ என்று சொன்னதற்குக் காரணம் ஒரு பழைய அனுபவம். நான் கற்றுக்கொண்டிருந்த நாட்களில் இதே சுற்று, இதே அறிகுறி: எல்இடி அணையவில்லை. பிரெட்போர்டில் 6ஆம் காலுக்கு உரிய வரிசையில் ஒரு கம்பித் துண்டைச் செருகி அளந்தால் அளவு வருகிறது. சுற்று மட்டும் ஓடவில்லை. இரண்டு மாலைகள் வீணான பிறகு, மீட்டர் முனையை ஐசியின் உடலிலிருந்து கால் வெளியே வரும் வளைவில், அதாவது அதன் தோளில், தொட்டுப் பார்த்தேன், அங்கே 0. ஐசியைப் பிடுங்கியபோது 6ஆம் கால் துளைக்குள் போகாமல் வயிற்றுக்கு அடியில் மடிந்து கிடந்தது. மேலிருந்து பார்த்தால் எட்டுக் கால்களும் ஒழுங்காகத்தான் தெரிந்தன. புதிய ஐசியின் கால்கள் சற்று வெளிப்புறமாக விரிந்தே வரும். மேசையின் மேல் பக்கவாட்டில் மெல்ல அழுத்தி நேராக்காமல் செருகினால் இப்படித்தான் ஆகும். அளக்கும்போது முனையை அழுத்தாதீர்கள். அழுத்தினால் தளர்ந்த கால் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டு, மீட்டர் வைத்தால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது என்ற மாயம் தோன்றும். அது மாயமல்ல, தளர்ந்த இணைப்பின் நேரடிச் சாட்சி.

பிரெட்போர்டைப் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். நடுப்பள்ளத்தின் இரு பக்கமும் ஐந்து ஐந்து துளைகள் உள்ளே ஒரே தகட்டால் இணைந்திருக்கும். ஐசி அந்தப் பள்ளத்தின் மேல் குதிரையேறி உட்கார வேண்டும். நீளமான போர்டுகள் சிலவற்றில், ஓரமாக ஓடும் மின்வழங்கல் வரிசை நடுவில் அறுந்திருக்கும். சிவப்புக் கோடு அங்கே விட்டுப்போயிருந்தால் அதுவே அடையாளம். மேல் பாதியில் 9 வோல்ட்டும் கீழ்ப் பாதியில் ஒன்றும் இல்லாமலும் இருக்கும் சுற்றுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். 1என்4007 டையோடு போன்ற தடித்த கால் கொண்ட பாகத்தை ஒரு துளையில் செருகி எடுத்துவிட்டால், உள்ளிருக்கும் பிடிப்பான் விரிந்துபோய், அடுத்து அங்கே வரும் மெல்லிய கால் ஆடிக்கொண்டிருக்கும். அத்தகைய துளைகளை ஒரு பேனாவால் குறித்துவைத்து ஒதுக்கிவிடுங்கள்.

இனி உங்கள் சுற்றின் மையத்துக்கு வருவோம். 555 செய்யும் வேலை எளிது. ரெசிஸ்டர்கள் இரண்டின் வழியாகவும், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் நிரம்புகிறது. அதன் மின்னழுத்தத்தை 2ஆம் காலும் 6ஆம் காலும் கண்காணிக்கின்றன. மின்வழங்கலின் மூன்றில் இரண்டு பங்கை எட்டியதும் 6ஆம் கால் அதை உணர்ந்து, 3ஆம் காலில் உள்ள வெளியீட்டைக் கீழே இறக்குகிறது; அதே நேரத்தில் 7ஆம் கால் தரையோடு (பேட்டரியின் எதிர்முனையோடு) இணைந்து, கெப்பாசிட்டர் 68 கிலோஓம் வழியாக வடியத் தொடங்குகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் 2ஆம் கால் அதை உணர்ந்து வெளியீட்டை மறுபடி மேலே ஏற்றுகிறது. 9 வோல்ட்டில் இந்த எல்லைகள் 6, 3. எரியும் நேரம் 0.693 × 78 கிலோஓம் × 10 மைக்ரோஃபாரட், அதாவது 0.54 நொடி, அணையும் நேரம் 0.693 × 68 கிலோஓம் × 10 மைக்ரோஃபாரட், அதாவது 0.47 நொடி. உங்கள் கணக்கு சரியாகவே இருக்கிறது.

எல்இடி தொடர்ந்து எரிகிறது என்றால் இரண்டு சாத்தியங்கள்தான்: வெளியீடு உண்மையிலேயே மேலே நின்றுவிட்டது, அல்லது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மின்னிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் 3ஆம் கால் பிரித்துச் சொல்லிவிடும். அங்கே 7.5 வோல்ட் அளவில் அசையாமல் நின்றால் முதலாவது. (9 ஏன் இல்லை என்று கவலைப்பட வேண்டாம், சாதாரண 555இன் வெளியீடு மின்வழங்கலைவிட ஒன்றரை வோல்ட் அளவுக்குக் குறைவாகவே ஏறும்.) 4 வோல்ட் அளவில் நின்றால் இரண்டாவது, மேலும் கீழுமாக விரைந்து மாறுவதன் சராசரியைத்தான் மீட்டர் காட்டுகிறது. 10 மைக்ரோஃபாரட்டுக்குப் பதிலாக 104 என்று அச்சிட்ட சிறிய செராமிக் கெப்பாசிட்டரை வைத்துவிட்டால் இப்படி ஆகும். 104 என்றால் 10இன் பின் நான்கு சுழியம், 1,00,000 பிக்கோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட்; எல்இடி நொடிக்கு நூறு முறை அளவில் மின்னும். அறை விளக்கை அணைத்துவிட்டு, போர்டைக் கையில் பிடித்து வேகமாக இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். ஒளி தொடர்ச்சியான கோடாகத் தெரியாமல் துண்டு துண்டாகத் தெரிந்தால், சுற்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வெளியீடு மேலேயே நிற்கிறது என்றால், அடுத்து 2ஆம் காலையும் 6ஆம் காலையும் தனித்தனியாக அளக்க வேண்டும். சுற்றுப்படத்தின்படி அவை இரண்டும் ஒரே கம்பி, ஆகவே ஒரே அளவு காட்ட வேண்டும். இரண்டிலும் 0 என்றால் கெப்பாசிட்டர் நிரம்பவே இல்லை: 68 கிலோஓமின் ஒரு கால் அடுத்த வரிசையில் இருக்கலாம், அல்லது கெப்பாசிட்டரின் இரு கால்களும் ஒரே வரிசையில் விழுந்து ஷார்ட் ஆகியிருக்கலாம். 2இல் 9 வோல்ட், 6இல் 0 என்றால் இரண்டையும் இணைக்கும் கம்பி 6ஐச் சென்று சேரவில்லை. கெப்பாசிட்டர் நிரம்பி வழிந்தும் அதைச் சொல்ல ஆளில்லை. இரண்டிலும் 4, 5 வோல்ட் அளவுக்கு மெதுவாக ஏறி அங்கேயே தேங்கினால், கெப்பாசிட்டர் கசிகிறது. பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களிலும், தலைகீழாக வைத்தவற்றிலும் இதைக் காணலாம். அதன் உடலில் வெள்ளைப் பட்டை உள்ள பக்கமே எதிர்முனை, அது தரைக்குப் போக வேண்டும். எல்இடியில் நீண்ட கால் நேர்முனை. கெப்பாசிட்டரிலும் புதிதாக இருக்கும்வரை அப்படியே. ஆனால் கால்களை வெட்டிய பிறகு அந்த அடையாளம் போய்விடும், பட்டை போகாது.

ரெசிஸ்டர்களை நிறம் பார்த்து உறுதிசெய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நம்பமாட்டேன், என் கண்ணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இப்போது கடைகளில் பரவலாகக் கிடைக்கும் நீல உடல் கொண்ட ரெசிஸ்டர்களில் ஐந்து பட்டைகள் உண்டு, அவற்றில் கடைசிப் பட்டை பெரும்பாலும் பழுப்பு. பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு என்று படித்தால் 10 கிலோஓம். அதே ரெசிஸ்டரைத் திருப்பிப் பிடித்துப் படித்தால் பழுப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு: 120 ஓம். இரு முனையிலும் பழுப்பே இருப்பதால் எந்தப் பக்கம் தொடக்கம் என்று சிறிய உடலில் சொல்வது கடினம். அதன் மேல் மஞ்சள் விளக்கொளியில் பழுப்பும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும். 10 கிலோஓம் இருக்க வேண்டிய இடத்தில் 120 ஓம் வந்துவிட்டால், 7ஆம் கால் தரையோடு இணையும் ஒவ்வொரு முறையும் 75 மில்லிஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் வீணாக ஓடும். ஐசி சுடும், பேட்டரி விரைவில் தீரும். ஆகவே ஒவ்வொரு ரெசிஸ்டரையும் செருகுவதற்கு முன்பு மீட்டரில் அளந்துவிடுங்கள். சுற்றில் இருக்கும்போது அளந்தால் பக்கத்துப் பாகங்களும் சேர்ந்து தவறான அளவைக் காட்டும், ஒரு காலையாவது வெளியே எடுத்த பிறகே அளக்க வேண்டும். எந்தச் சுற்றாயினும் முதல்முறை மின்சாரம் கொடுத்ததும் ஐசியை விரலால் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். உங்கள் சுற்றில் அது வெதுவெதுப்பாகக்கூட ஆகக் கூடாது.

மற்ற சுற்றுகளுக்கும் இதே வழிதான். எதிர்பார்க்கும் எண்கள் மட்டும் மாறும். எடுத்துக்காட்டாக, இருட்டியதும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இழுக்கும் தானியங்கி விளக்குச் சுற்றில் எல்டிஆர் (ஒளிக்கேற்பத் தடை மாறும் பாகம்), ஒப்பிடும் ஐசி, டிரான்சிஸ்டர், ரிலே என்று நான்கு கட்டங்கள் இருக்கும். முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகத் தேடுவதைவிட நடுவில் தொடங்குவது மேல். எல்டிஆரைக் கையால் மூடித் திறக்கும்போது ஒப்பிடும் ஐசியின் வெளியீடு மாறினால், முதல் பாதி நன்றாக இருக்கிறது. தேட வேண்டியது பின்பாதியை மட்டும். டிரான்சிஸ்டருக்கு பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று மூன்று கால்கள். அது முழுதாக இயங்கும்போது பேஸில் 0.7 வோல்ட், கலெக்டரில் 0.2க்கும் குறைவு என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எமிட்டர் தரையில் இருக்கையில் பேஸில் 3 வோல்ட் தெரிந்தால் டிரான்சிஸ்டர் செத்துவிட்டது, அல்லது அதன் கால்கள் இடம் மாறியிருக்கின்றன.

இந்தக் கால் மாற்றம் இணையத்திலிருந்து சுற்றுப்படம் எடுப்பவர்களை அதிகம் படுத்துகிறது. அமெரிக்கர்கள் வரையும் படங்களில் பெரும்பாலும் 2என்3904 என்ற டிரான்சிஸ்டர் இருக்கும். நம் கடைகளில் கேட்டால் பிசி547 கொடுப்பார்கள், அந்த மாற்று சரியானதுதான். ஆனால் தட்டையான முகத்தை உங்களை நோக்கிப் பிடித்தால் 2என்3904இன் கால்கள் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். அதே துளைகளில் செருகினால் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறிவிடும். அப்போதும் டிரான்சிஸ்டர் அரைகுறையாக வேலை செய்யும், அதனால்தான் கண்டுபிடிப்பது கடினமாகிறது. ரிலே இழுக்காமல் முனகும். மின்னழுத்தத்தை நிலைப்படுத்தும் 7805, எல்எம்317 ஆகிய இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எழுத்து தெரியும்படி பிடித்தால் முதலாவதில் உள்ளீடு, தரை, வெளியீடு. இரண்டாவதில் சரிசெய் கால், வெளியீடு, உள்ளீடு. எந்தப் பாகத்தையும் அதன் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில்) கால் வரிசை பார்க்காமல் செருக வேண்டாம்.

நிரல் எழுதி இயக்கும் அர்டுயினோ போர்டுக்குப் போகும்போது மூன்று கோளாறுகள் உங்களைக் கட்டாயம் சந்திக்கும். பொத்தானை அழுத்தாமலேயே, கையை அருகில் கொண்டுபோனாலே எல்இடி துடித்தால், அந்த உள்ளீட்டுக் கால் எதனோடும் இணையாமல் மிதக்கிறது. நிரலில் உள் புல்-அப்பை (காலை மேல் மின்னழுத்தத்தில் பிடித்துவைக்கும் உள் ரெசிஸ்டரை) இயக்கிவிட்டு, பொத்தானைத் தரைக்கு இணைத்தால் போதும். மோட்டாருக்குத் தனி பேட்டரி வைத்த பிறகு ஒன்றுமே ஓடவில்லை என்றால், இரண்டு மின்வழங்கல்களின் எதிர்முனைகளையும் இணைக்க மறந்திருப்பீர்கள். ரிலே இழுக்கும்போதோ விடும்போதோ அர்டுயினோ தானாக மறுதொடக்கம் ஆனால், ரிலே சுருளின் குறுக்கே 1என்4007 டையோடு இருக்கிறதா, அதன் பட்டை நேர்முனைப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் மின்வழங்கல் ரிலேயின் சுமையைத் தாங்குகிறதா என்று அளந்து பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். அது பலன் தராவிட்டால், அடுத்ததைச் செய்வதற்கு முன்பு பழையபடி வைத்துவிடுங்கள். கழற்றுவதற்கு முன்பு கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது பல முறை காப்பாற்றும். கெட்டுவிட்டது என்று உறுதியான பாகத்தின் காலை வெட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். மீண்டும் டப்பாவில் விழுந்தால் ஆறு மாதம் கழித்து அது இன்னொரு சுற்றில் உட்கார்ந்துகொள்ளும். 230 வோல்ட் வீட்டு மின்சாரம் நேரடியாக வரும் எதையும், குறிப்பாகப் பழுதான எல்இடி பல்புகளின் உட்பகுதியை, இந்த முறையில் தொட்டு அளக்க வேண்டாம். அவற்றில் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது, ‘தரை’ என்று நீங்கள் நினைக்கும் இடமே உயிரெடுக்கும் கம்பியாக இருக்கலாம்.

இப்போதைக்கு 8, 3, 2, 6 ஆகிய நான்கு கால்களின் அளவுகளை, ஐசியின் தோளில் தொட்டு எடுத்து எழுதுங்கள். என் ஊகம் 2ஐயும் 6ஐயும் இணைக்கும் கம்பியின் மேல்தான். ஐசியைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகும் கம்பி அது என்பதால், எண்ணும்போது ஒரு வரிசை தள்ளி 5ஆம் காலில் போய் நின்றிருக்கும். அப்படியிருந்தால் 2ஆம் காலில் 6 வோல்ட் அளவு அசையாமல் நிற்கும், 6ஆம் காலில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. அந்தக் கம்பியை ஒரு வரிசை மேலே ஏற்றிச் செருகுங்கள்.